ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்க விடலாமா?

ஞாயிறு_டீச்சர்
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். இங்கே பலரும் வெளிநாட்டு ஊழியர்களுக்கோ ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கோ ஆங்கிலம் சொல்லித் தருகிறவர்கள் என்பதால் கேட்கிறேன்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குச் சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் பதினான்கு பேர். பதினொருவர் தமிழர், இருவர் பங்ளாதேஷ், ஒருவர் மியன்மார். இன்று இடைவேளையில் ஒரு மாணவரின் நோட்டைப் பார்த்தேன். புதுக்கோட்டைக்காரர், கம்பி கட்டும் வேலை. இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய நீள நோட்டு. நான் போர்டில் எழுதியது எதுவும் அதில் இல்லை. நான் பேசியதும், வேலை இடத்தில் அவர் கேட்டதும் தமிழ் எழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. 'சார் ஐ ஆம் நாட் ஃபீலிங் வெல்.' 'வேர் இஸ் த டாய்லட்.' 'லாஸ் வீக் ஐ வாக் டு த கிளினிக்.' சில பகரங்களுக்குக் கீழே மட்டும் பென்சிலால் ஒரு கோடு. என்ன இது என்றேன். "அது வேற 'ப' டீச்சர். பிரியாணிக் கடை பாய் மாதிரி. கோடு இல்லேன்னா படுக்கிற பாய் மாதிரி" என்றார்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் அதைப் பார்த்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, தமிழில் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள், பழகிவிட்டால் ஆயுசுக்கும் அப்படித்தான் உச்சரிப்பார்கள் என்றார். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று சுவரில் ஏற்கெனவே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இப்போது அது நோட்டுக்கும் வந்துவிட்டது. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மனிதர் வாரம் ஆறு நாள் வெயிலில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிறார். அவரிடம் போய் 'இப்படி எழுதாதீர்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


செல்டா_சிவப்புமை
ஞாயிறு, இரவு 9.48

உங்கள் ஒருங்கிணைப்பாளர் சொன்னதுதான் சரி. பரிதாபம் வேறு, பாடம் வேறு.

நான் செல்டா, அதாவது ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ், முடித்தவன். 120 மணி நேர வகுப்பு, அதில் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்கள் முன் நின்று நடத்திக் காட்ட வேண்டும். பின்னால் உட்கார்ந்து ஒருவர் மதிப்பெண் போடுவார். நான் படித்த இடத்தில், மாணவரின் மொழி தெரிந்திருந்தாலும் தெரியாதது போல நடி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். படம் காட்டு, கையால் நடித்துக் காட்டு, திரும்பத் திரும்பக் கேட்க வை. முதல் இரண்டு வாரம் திணறுவார்கள். அப்புறம் அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

தமிழில் எழுதினால் என்ன ஆகும்? 'பின்' என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். குத்துகிற பின்னா, குப்பை போடுகிற பின்னா? 'கேப்' என்றால் தொப்பியா, டாக்ஸியா, இடைவெளியா? இந்த இழையிலேயே பாருங்கள், நான் தமிழில் எழுதுவதால் இத்தனை விளக்கம் தர வேண்டியிருக்கிறது. அந்த எழுத்தை நம்பிப் படிக்கிறவர் இந்த வேறுபாடே இல்லாத ஆங்கிலத்தைத்தான் கற்றுக்கொள்வார்.

இன்னொன்று. பங்ளாதேஷ்காரர் இருவரையும் மியன்மார்காரரையும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் தமிழில் ஒரு விளக்கம் சொன்னால் பதினொரு பேர் தலையாட்டுவார்கள், மூன்று பேர் சுவரைப் பார்ப்பார்கள். கட்டணம் எல்லோரும் ஒன்றுதானே கட்டியிருக்கிறார்கள்?


தேக்கா_தாத்தா
ஞாயிறு, இரவு 10.35

தம்பி சிவப்புமை, கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் ஒரு காலத்தில் சிவப்பு மை வைத்திருந்தவன்தான்.

நான் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவன். 1982இல் அந்தப் பள்ளியை மூடினார்கள். அதற்கு முன்பே நான் ஆசிரியர் வேலைக்கு வந்துவிட்டேன். கணக்கைத் தமிழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், எண்பதுகளில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. 1987இல் எல்லாப் பள்ளியும் ஆங்கில வழி என்று ஆனபோது எனக்குத் தலைமுடி பாதி போயிருந்தது.

முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். விகிதம் பற்றிய பாடம். புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் அந்தச் சொல் இருக்கிறது. எழுத்துக் கூட்டி 'ரேட்டியோ' என்று வாசித்தேன். முதல் வரிசைப் பிள்ளை சிரித்தது. பிறகு மூன்றாம் வரிசை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். இடைவேளையில் பக்கத்து வகுப்பு மலாய் ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன். 'ரேஷியோ' என்றார். அதைத் தமிழில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். அன்று முதல் ஒரு சின்ன நோட்டு. 'டினாமினேட்டர்', 'ஐசாசலிஸ்', 'ஹைபாட்டனூஸ்'. எல்லாம் தமிழில். ஓய்வு பெறும் நாள்வரை அது மேசை இழுப்பறையில் இருந்தது.

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் உச்சரிப்பு சரியாக வரும் என்று யார் சொன்னது? எனக்கு ஆங்கில எழுத்துதான் பொய் சொன்னது. தமிழ் எழுத்து பாதியாவது உண்மை சொன்னது.

டீச்சர் சொன்ன அந்தக் கோட்டைப் பற்றியும் ஒன்று. பழைய பக்திப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். வடமொழிச் சுலோகத்தைத் தமிழில் அச்சிடும்போது க, ச, த, ப எழுத்துகளுக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று பொடி எண் போட்டிருப்பார்கள். எந்த 'ப' என்று வாய்க்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆய்தத்தைப் பகரத்தோடு சேர்த்து 'ஃப' என்று எழுதுவதும் அந்த மாதிரி ஓர் ஏற்பாடுதான். உங்கள் புதுக்கோட்டைக்காரர் அதை யாரும் சொல்லாமல் பென்சிலால் தானே கண்டுபிடித்திருக்கிறார். அவரைப் போய் நிறுத்து என்கிறீர்கள்.


செல்டா_சிவப்புமை
ஞாயிறு, இரவு 10.52

ஐயா, நீங்கள் ஆசிரியர். படித்தவர். தமிழ் இலக்கணம் தெரிந்தவர். எட்டாவதோடு நின்றவருக்கு அது பொருந்துமா?


தேக்கா_தாத்தா
ஞாயிறு, இரவு 10.58

கோடு போட்டது அவர்தானே தம்பி, நான் இல்லையே.


லாரி_ஏழு
திங்கள், காலை 6.15

லாரியில் வரும்போது படித்தேன், அதனால் தட்டுத் தடுமாறி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியர் இல்லை. 2009இல் சிவகங்கைப் பக்கமிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். இப்போது சேஃப்டி கோஆர்டினேட்டர். நானும் அப்படி நோட்டு வைத்திருந்தவன்தான், அதனால் மாணவர் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

முதல் விஷயம், எங்களுக்கு எழுத நேரம் கிடையாது. சூப்பர்வைசர் பேசிக்கொண்டே நடப்பார். காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில், டூல்பாக்ஸ் மீட்டிங் என்பார்கள், பத்து நிமிடத்தில் இருபது புதுச் சொல் வந்து விழும். ஸ்பெல்லிங் யோசித்தால் சொல் போய்விடும். காதில் விழுந்ததைத் தமிழில் கிறுக்கினால் இராத்திரி ரூமில் யாரிடமாவது கேட்கலாம். அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழிலேயே நடத்துகிறார்கள், அது பிரச்சினை இல்லை. அதற்கு மேலே ஒரு படி ஏற வேண்டும் என்றால்தான் ஆங்கிலம்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். எனக்கு ஆங்கிலத்தில் அடி விழுந்தது உச்சரிப்பால் இல்லை. 'யெஸ்' என்ற ஒரே சொல்லால்.

வந்து மூன்றாம் வருஷம். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மின்பலகை வேலை. வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் வந்தார். இன்னும் மெயினை ஆஃப் பண்ணவில்லையா என்று கேட்டார், ஆங்கிலத்தில். நான் 'யெஸ் சார்' என்றேன். என் மனசில் என்ன? 'ஆமா சார், பண்ணலை.' அவர் காதில் என்ன? 'ஆமாம், பண்ணிவிட்டேன்.' அவர் பலகையைத் திறந்தார். நல்லவேளை கையில் டெஸ்டர் வைத்திருந்தார். லைட் எரிந்தது. அப்புறம் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாகும்வரை மறக்காது. பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஏன் என்றே புரியவில்லை. ஆமா என்றுதானே சொன்னேன்?

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் சீன சூப்பர்வைசரிடம் இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. அவர்கள் மொழியிலும் நம்மைப் போலத்தான், கேட்டது சரி என்றால் 'சரி' என்பார்கள். மூன்று வருஷம் நானும் அவரும் தப்பான ஆங்கிலத்தில் சரியாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

நாலு வருஷம் கழித்து ஒரு ஞாயிறு வகுப்பில் ஒரு டீச்சர் இதைத் தமிழில் சொன்னார்: "நம்ம 'ஆமா' கேள்விக்குப் பதில். அவங்க 'யெஸ்' நடந்ததுக்குப் பதில்." ஒரே வரி. அதைப் படம் காட்டியோ நடித்தோ சொல்லியிருக்க முடியுமா அண்ணே? இப்போது என் ஆட்களிடம் நான் சொல்வது, மெயின் விஷயத்தில் யெஸ், நோ இரண்டும் வேண்டாம். 'மெயின் நாட் ஆஃப் யெட் சார்' என்று முழு வாக்கியம் சொல்.


காதுகொடு
திங்கள், மதியம் 1.20

லாரி_ஏழு, உங்கள் பதிவை எங்கள் பயிற்சி ஆசிரியர்களுக்குக் காட்டலாமா? எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

சிவப்புமை சொன்ன 'பின்' விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒலியியல் படித்தவள். தமிழில் ப ஒரே எழுத்துதான், ஆனால் ஒலி இரண்டு வகையாக வரும். சொல்லின் தொடக்கத்தில் கெட்டி, 'ம்' பக்கத்தில் இருந்தால் நெகிழும். 'படம்', 'கம்பம்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். எது எங்கே வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வரும். அங்கேதான் சிக்கல்.

ஆனால் நம் ஆட்களுக்கு இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாது என்பது முழு உண்மை இல்லை. பாய், பாய் என்று புதுக்கோட்டைக்காரர் சொன்னது அதைத்தான் காட்டுகிறது. பெரும்பாலும் அவர்களுக்குக் குறைவது மூச்சு. ஒரு கடை ரசீதை எடுத்து உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பேனாவைச் சொல்லுங்கள். ரசீது பறக்க வேண்டும். தமிழ் 'பெண்' சொல்வது போலச் சொன்னால் ரசீது அசையாது. அசையாத 'ப'வை வெள்ளைக்கார எஞ்சினியர் காது அந்த இன்னொரு பகரமாக எடுத்துக்கொள்கிறது. மாணவர் சரியான எழுத்தைத்தான் சொல்லியிருப்பார், காற்று போதவில்லை. என் வகுப்பில் ஆளுக்கொரு ரசீது கொடுத்துவிடுவேன். பத்து நிமிடம் ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு திருத்த வேண்டியது ரொம்பக் குறைவு.

வேலை இடத்தில் உண்மையிலேயே ஆபத்தான ஜோடிகள் வேறு. எங்கள் 'வ' ஒன்றுதான். அவர்களுக்கு இரண்டு: பல் உதட்டில் படுவது ஒன்று, உதடு குவிவது ஒன்று. மேற்கு வாசலையும் போட்டுக்கொள்கிற மஞ்சள் மேலங்கியையும் ஒரே மாதிரி 'வெஸ்ட்' என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி'. வாக்கிடாக்கியில் கிளாம்ப் கேட்டால் பதினைந்து வருமா ஐம்பது வருமா என்பது தெய்வச் செயல். இதற்கு உச்சரிப்புப் பயிற்சியே வேண்டாம். 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஸீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தால் போதும்.


பாதி_நேரம்
திங்கள், மாலை 6.40

இழையை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். இதெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்த நாம் வேலைக்கு விண்ணப்பம் போட்டால் என்ன பதில் வருகிறது? போன மாதம் ஒரு தனியார் மையத்தின் விளம்பரம் பார்த்தேன். 'தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர் மட்டும்.' நான் இங்கே பிறந்தவள். தொடக்கப்பள்ளி முதல் ஆங்கில வழி. வீட்டில் என் பிள்ளைகளோடு பேசுவதே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலம்தான். நேர்முகத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு, உங்கள் தாய்மொழி என்ன என்றார்கள். தமிழ் என்றேன். அத்தோடு முடிந்தது.

அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய டெசால் என்ற ஆங்கில ஆசிரியர் அமைப்பே, தாய்மொழியாக ஆங்கிலம் பேசாதவர் என்பதற்காக ஆசிரியரை ஒதுக்கக் கூடாது என்று 2006இல் அறிக்கை வெளியிட்டுவிட்டது. விளம்பரம் போடுகிறவர்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போல.


காதுகொடு
திங்கள், மாலை 7.05

ஆங்கிலம் பேசும் நாடுகளை மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985இல் மூன்று வட்டமாகப் பிரித்த கணக்கில் சிங்கப்பூர் இரண்டாவது வட்டம். பிரிட்டன், அமெரிக்கா உள் வட்டம். நாற்பது வருஷமாகியும் நாம் வட்டத்துக்கு வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இங்கே 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவதே ஆங்கிலம். 2010இல் அது 32.3தான். இவர்களுடைய தாய்மொழி என்ன என்று அந்த விளம்பரக்காரர்தான் சொல்ல வேண்டும்.


நெறியாளர்
திங்கள், இரவு 8.00

வேலை விளம்பரம் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நிச்சயம் பேச வேண்டிய விஷயம். நிறுவனப் பெயர்கள் எழுத வேண்டாம். இங்கே நோட்டு பற்றித் தொடரலாம்.


மன்றத்து_அக்கா
செவ்வாய், காலை 10.25

நான் சமூக மன்றம் ஒன்றில் புதன்கிழமைதோறும் பெண்களுக்குச் சொல்லித் தருகிறேன். சம்பளம் கிடையாது, கோப்பி உண்டு. எல்லோரும் கல்யாணமாகி ஊரிலிருந்து வந்தவர்கள். சிலர் ஊரில் பட்டப் படிப்பே முடித்தவர்கள். ஆங்கிலம் வாசிப்பார்கள், எழுதுவார்கள், வாய் மட்டும் திறக்காது.

இவர்களுக்கு வேண்டிய ஆங்கிலம் லாரி_ஏழுவுக்கு வேண்டியது இல்லை. கிளினிக், பேரங்காடி, மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரர், எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளையின் பள்ளிக்கூடம். ஒரு தங்கச்சி பெற்றோர் சந்திப்புக்குப் போனாள். ஆசிரியை ஐந்து நிமிடம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு பேசினார். மகன், எட்டு வயசு, தமிழில் மொழிபெயர்த்தான்: "நல்லாப் படிக்கிறானாம்மா." அவளும் ஆசிரியைக்கு இரண்டு கையும் கூப்பி 'தேங்க்யூ தேங்க்யூ' என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வீட்டுப்பாடம் ஒரு மாதமாகச் செய்யவில்லையாம். அடுத்த புதன் முதல் ஆளாக வகுப்புக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கு நான் தமிழில் எழுதிக்கொள்ளத்தான் சொன்னேன், ஒரு காரணத்துக்காக. ஆங்கில எழுத்தில் எழுதினால் அவளுக்கு உடனே இலக்கணம் நினைவுக்கு வந்துவிடும். சொல்லின் கடைசியில் 'எஸ்' போட வேண்டுமா, 'ஈ-டி' போட வேண்டுமா என்று யோசித்து வாய் அடைத்துப் போகும். கல்லூரியில் அப்படித்தான் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதினால் அது பரீட்சை இல்லை என்று ஆகிவிடுகிறது. 'டீச்சர், கேன் யூ ஸ்பீக் ஸ்லோலி ப்ளீஸ்' என்று அஞ்சறைப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருந்தாள். தாளிக்கும்போது சொல்லிப் பார்ப்பாளாம்.

சிங்கிலிஷ், அதான் நம்ம ஊர்ப் பேச்சு ஆங்கிலம், அதைப் பற்றியும் யாராவது பேசுங்களேன். நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் 2000இலிருந்து நடக்கிறது. ஆனால் என் வகுப்புப் பெண்களுக்குச் சந்தையில் பதில் வருவது 'கேன்', 'கேனாட்' என்றுதான். நான் எதைச் சொல்லித் தர?


காதுகொடு
செவ்வாய், மதியம் 12.50

அக்கா, 'கேனாட்' என்று முழுசாகச் சொல்வது நல்ல ஆங்கிலமும்தான், பாதுகாப்பும்கூட. சுருக்கிச் சொன்னால் கடைசி ஒலியை நம் ஆட்கள் விழுங்கிவிடுவார்கள், முடியாது என்பது முடியும் என்று கேட்கும். 'ஈட் ஆல்ரெடி' என்பதைத் தமிழர்கள் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார்கள் பாருங்கள். 'சாப்பிட்டாச்சு' என்பதன் அதே அமைப்பு. சீன மொழியில் வினையோடு சேரும் 'லெ' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், ஆனால் நமக்கும் வீட்டுச் சாப்பாடு மாதிரி ஒத்துப்போகிறது. நான் அதைத் தடுப்பதில்லை. பள்ளி ஆசிரியையிடம் பேசும்போது வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்பதை மட்டும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்ற விதிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஒரு காமன்வெல்த் மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிப்பதுதான் சிறந்தது என்ற கருத்து அங்கேதான் ஊன்றியது. தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்பதும் அதோடு சேர்ந்து வந்ததுதான். இரண்டுமே ஆதாரமில்லாத நம்பிக்கைகள் என்று 1992இல் ராபர்ட் ஃபிலிப்சன் என்ற மொழியியலாளர் எழுதினார். அதாவது பாதி_நேரத்தின் விளம்பரமும், டீச்சர் வகுப்புச் சுவரில் ஒட்டிய தாளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.


செல்டா_சிவப்புமை
செவ்வாய், இரவு 11.15

'யெஸ்' கதைக்கு என்னிடம் பதில் இல்லை. அதைப் படித்தபின் நேற்று வகுப்பில் எதிர்மறைக் கேள்வி கேட்டுப் பார்த்தேன். ஒன்பது பேரில் ஆறு பேர் தலைகீழாகப் பதில் சொன்னார்கள். நான்கு வருஷமாக நான் இதைக் கவனிக்கவே இல்லை. இத்தனைக்கும் எனக்கும் தமிழ்தான் தாய்மொழி.

ஆனால் மூன்று பேர் சுவரைப் பார்ப்பார்கள் என்றேனே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.


ஞாயிறு_டீச்சர்
ஞாயிறு, இரவு 8.30 (ஆறு வாரம் கழித்து)

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். பரிசோதித்துப் பார்க்காமல் எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

ஒருங்கிணைப்பாளரிடம் ஆறு வாரம் அவகாசம் கேட்டேன். அவரும் தந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொன்னேன். முதல் பத்தியில் காதில் விழுந்தபடி அவரவர் எழுத்தில். நடுவில் ஆங்கில எழுத்து. கடைசியில் பொருள். முதல் பத்தியை எழுதும்வரை நான் போர்டில் எதுவும் எழுத மாட்டேன்.

அவரவர் எழுத்தில் என்றால் எல்லோருக்கும்தான், சிவப்புமை. பங்ளாதேஷ்காரர்கள் வங்காள எழுத்தில், மியன்மார்காரர் அவர் எழுத்தில். வங்காளத்தில் பகரம் நான்கு இருக்கிறது, அவர்களுக்கு 'பின்' பிரச்சினையே இல்லை. அதனால் ரசீது விளையாட்டில் அவர்கள்தான் தமிழர்களுக்கு வாத்தியார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து புதுக்கோட்டைக்காரர் உதட்டுக்கு முன்னால் ரசீதைப் பிடித்தார். மியன்மார்காரருக்கு என்னால் அவ்வளவு செய்ய முடியவில்லை. எனக்கு அந்த எழுத்து தெரியாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் இரண்டு வாரமாக வரவில்லை.

எனக்கே தெரியாத ஒன்றை அந்த முதல் பத்தி காட்டிக்கொடுத்தது. 'லாஸ் வீக் ஐ வாக் டு த கிளினிக்' என்று எழுதியிருந்தார் என்றேன் அல்லவா? இறந்தகாலம் தெரியாமல் எழுதுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் வேலை இடத்தில் பதிவு செய்த ஒரு குரல் செய்தியைப் போன வாரம் போட்டுக் காட்டினார். சூப்பர்வைசர் பேசுகிறார். 'லாஸ் வீக்'. 'வாக்'. கடைசியில் 'ட்' இல்லவே இல்லை! சிங்கப்பூரில் நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம், நானும்தான். அவர் காதில் விழாத ஒலியை அவர் எப்படி எழுதுவார்? இறந்தகால விகுதியை மூன்று மாதமாக நான் இலக்கணமாக நடத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்த விகுதி இந்த ஊரில் ஒருமுறைகூடக் காதில் பட்டதில்லை.

அதனால் இப்போது அந்த ஒன்றை மட்டும் கண்ணுக்குக் காட்டுகிறேன். நடுப் பத்தியில் சிவப்பில் வட்டம் போடுகிறோம். வாயால் சொல்லாவிட்டாலும் எழுதும்போது விட்டுவிடக் கூடாது என்று.

நான்காம் வாரத்திலிருந்து முதல் பத்தியை மடித்துவைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். எட்டு பேருக்கு வந்துவிட்டது. மூன்று பேர் இன்னும் மடிப்பை விரித்துப் பார்க்கிறார்கள், புதுக்கோட்டைக்காரரும் அதில் ஒருவர். ஒருங்கிணைப்பாளர் பயந்ததில் அவ்வளவு உண்மை இருக்கிறது. சுவரில் ஒட்டிய தாளை அவர் கிழிக்கவில்லை. அதன்மேல் நாள்காட்டியை மாட்டியிருக்கிறார்.


செல்டா_சிவப்புமை
ஞாயிறு, இரவு 9.02

மடிக்கச் சொல்வதை இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிப் பாருங்கள். நான்கு வாரம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மியன்மார் நண்பரைப் பற்றி யோசித்தேன். போனில் சொல்லைப் பேசவிட்டு, அவரே பதிவு செய்து வைத்துக்கொள்ளட்டும். எழுத்தே வேண்டாம். முதலில் அவரைத் திரும்ப வரச் சொல்லுங்கள்.


தேக்கா_தாத்தா
ஞாயிறு, இரவு 9.20

சிவப்பு வட்டம் போடுவதற்கு மை தம்பியிடம் நிறைய இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள் டீச்சர்.


லாரி_ஏழு
ஞாயிறு, இரவு 10.05

டீச்சர், என் சித்தப்பா மகன் ஒருத்தன் போன மாதம்தான் வந்திருக்கிறான். துவாஸ் பக்கம் விடுதி. இரண்டு ஞாயிற்றுக்கு ஒரு ஞாயிறுதான் லீவு. பாதி வகுப்புக்கு வந்தாலும் சேர்த்துக்கொள்வீர்களா? நோட்டு நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன், மூன்று பத்திக்குக் கோடு போட்டு.